மயக்க மருந்து எரித்த கை

அனுப்புபவர்:
மு. ரத்தினம்மா,
மேற்பிரிவு லயம், கலஹா.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
மேல்வத்தை ஆஸ்பத்திரி, கண்டி.

விடயம்: மயக்க மருந்து ஏற்றும்போது என் கை எரிந்ததும், அடுத்த ஒப்பரேசனில் அப்படி நடக்காமல் இருக்க வேண்டுவதும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. சித்திரை வருசப் பிறப்பு கழிந்து என் கழுத்துக் கழலையை வெட்டிய அன்று ஒப்பரேசன் தியேட்டரில் இருந்தவர்கள்: மயக்க மருந்து கொடுத்த டொக்டர் அம்பேபிட்டிய ஐயா, ஊசி எடுத்துக் கொடுத்த நர்ஸ் பத்மலதா மிஸ்ஸி, காலடியில் நின்ற ராணி என்கிற அட்டென்டன்ட், மேசையில் நான். வெட்டுகிற பெரிய டொக்டர் இன்னும் உள்ளே வரவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும்போதே பெயர்களைக் கேட்டு வைத்துக்கொண்டேன். படிப்புத்தான் மூன்றாம் வகுப்பு, ஞாபகத்துக்குக் குறையில்லை.

2. புறங்கையில் ஊசி குத்தியிருந்தது. கொழுந்து பறித்துக் காய்த்த கை ஐயா, நரம்பு நூல் மாதிரி. அதில் பால் போன்ற வெள்ளை மருந்தை ஏற்றினார்கள். விரலிலிருந்து தோள் வரைக்கும் கொள்ளிக்கட்டையைச் சொருகினது போல எரிந்தது. கையை இழுத்தேன், பலகையோடு கட்டியிருந்தது. எரியுது, எரியுது என்று கத்தினேன்.

3. டொக்டர் ஐயா நிறுத்தி, யாருக்காவது தமிழ் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். அந்தளவு எனக்கு விளங்கும். எரிவதைச் சிங்களத்தில் சொல்லத்தான் அந்நேரம் நாக்குப் புரளவில்லை. மிஸ்ஸி தெரியாது என்றார். ராணியும் தெரியாது என்று தலையை ஆட்டினாள். நான் பயத்தில் கத்துவதாக நினைத்து மீதியையும் ஏற்றினார்கள். எரிய எரியத்தான் மயங்கினேன். டொக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டார்.

4. பிறகு வாட்டில் யாழ்ப்பாணத்துக் கமலாசனி மிஸ்ஸியிடம் சொல்லி அழுதேன். ஓம் அம்மா, அந்த மருந்து எரியும்தான் என்றார். முதலில் கொஞ்சம் மரத்துப்போகிற மருந்தைக் கொடுத்து, முழங்கை மடிப்பில் உள்ள பெரிய நரம்பில் ஏற்றினால் எரிவு நன்றாகக் குறையுமாம். இவ்வளவுதானா என்று கேட்டேன்.

5. கழலையைச் சோதித்ததில் கெட்டது இருக்கிறதாம். அன்றைக்கு வெட்டியது பாதிதானாம், மிச்சப் பாதியையும் சுணங்காமல் எடுக்க வேண்டுமாம். மகன் சுந்தரலிங்கம், ஒப்பரேசனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடுங்க என்று காலில் விழாத குறை. போடாவிட்டால் உயிர் போகும். போட்டால் அதே மேசை, அதே கட்டு. தூக்கத்திலும் கையை இழுத்துப் பார்க்கிறேன், கட்டு அவிழ்வதில்லை.

6. ஆகவே, மரத்துப்போகும் மருந்தை முதலில் தரவும், முழங்கை நரம்பில் ஏற்றவும், நான் மயங்கும்வரை தமிழ் தெரிந்த ஒருவரைத் தலைமாட்டில் நிறுத்தவும் உத்தரவிடும்படி பணிவோடு கேட்கிறேன். எனக்கு மட்டுமில்லை, தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற எல்லோருக்கும்.

தாங்கள் ஒழுங்கு செய்யும்வரை கையெழுத்துப் போடாமல் காத்திருக்கும்,

மு. ரத்தினம்மா
கலஹா
09.07.2012

பி.கு.: தலைமாட்டில் நிற்க வெளியே ஆள் தேட வேண்டாம். ராணியையே நிறுத்துங்கள். வாயை மூடிக் கட்டியிருந்தாலும் அந்தக் கண்ணை எனக்குத் தெரியாதா? எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவள். சின்னதில் அவளுக்குத் தடுப்பூசி போட்டபோது மடியில் வைத்து அழுகையை ஆற்றினவள் நான். தோட்டத்து ஆள் என்று தெரிந்துவிடுமே என்று அன்றைக்குத் தமிழை விழுங்கினாள். அவள் வேலையில் கை வைக்க வேண்டாம். நான் சொல்வதை வாயைத் திறந்து டொக்டரிடம் சொல்லட்டும், போதும். சொன்னாலும் அவளை நான் மன்னிக்க மாட்டேன். கூப்பிடும்போது அப்பன் ஆத்தாள் வைத்த பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள்: மூக்கையா மகள் அழகம்மா.