பட்டினி எலிகளும் புழு மருந்தும்

மச்சான்,

இன்று கொள்ளுப்பிட்டியில் கோட்டு வெளுக்கக் கொடுத்த கடையில் அந்த வாடை குப்பென்று மூக்கில் ஏறியது. கடைக்காரருக்கு அது துணியில் கறை எடுக்கும் தண்ணீர். நமக்கோ, வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்குக் குடலிலுள்ள கொக்கிப்புழு போகக் கொடுக்கவிருந்த மருந்து. நீ கண்ணை மூடி இன்னும் ஒரு மாதமாகவில்லை. வாசற்படியிலேயே குந்திவிட்டேன்.

அந்த மருந்தைச் சோதித்த ஆய்வுகூடத்தில் நாம் இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். நீ கொட்டாஞ்சேனையிலிருந்து வருவாய், நான் வெள்ளவத்தையிலிருந்து. புழு பிடித்த எலிகளுக்குக் குழாயால் மருந்து இறக்குவோம். பிறகு அறுத்துக் குடலைப் பார்ப்போம். கொழுத்த எலிகளில் புழு செத்திருந்தது, எலி பிழைத்திருந்தது. ஆய்வுகூடத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரைக்கு அது போதும். நீதான் ஒரு கூட்டம் எலிகளுக்கு வெறும் கஞ்சி மட்டும் ஊற்றி வளர்த்தாய்.

"தோட்டத்தில சனம் இறைச்சியும் பாலுமோ தின்னுது? அதுகள் தின்னுறதைத்தான் இதுகளுக்கும் குடுக்கவேணும்."

அந்த எலிகளுக்கு மருந்து இறங்கிய காலை மறக்காது. கால்கள் விறைத்து, கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்து, ஒன்றையொன்று குதறி, வாயில் இரத்தத்தோடு துடித்துச் செத்தன. அறுத்தபோது ஈரல் அழுகின பழம்போல விரலில் பிய்ந்தது.

மருந்துப் பீப்பாக்கள் அன்றே தோட்டங்களுக்கு றெயிலேற முற்றத்தில் தயாராக நின்றன. துரையின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாய். அவர் கூட்டை உதைத்துக் கவிழ்த்தார். எலிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாதவனா நீ என்று கத்தினார். நீ கோடரியை எடுத்துப்போய்ப் பீப்பாக்களைப் பிளந்தாய்.

துரையின் கைத்தடி உன் முகத்தில் இறங்கியது. உதடு கிழிந்தது. அடுத்த அடி காதில். நான் பாய்ந்து தடியைப் பறித்து முறித்தேன். அதற்குள் காவலாளிகள் உன்னைக் கீழே போட்டு மிதித்தார்கள். மருந்தும் இரத்தமும் கலந்து முற்றத்து வடிகானுக்குள் ஓடின. மிச்ச அடியைப் பொலிஸ்காரர் தங்கள் கூட்டுக்குள் வைத்து முடித்தார்கள். அந்தக் காது பிறகு கேட்கவேயில்லை. வேலை நம் இருவருக்கும் போனது.

புதுப் பீப்பாக்கள் கப்பலில் வருமுன் வேறொரு டொக்டர் உன் சோதனையைத் திரும்பச் செய்தார். அவருடைய எலிகளும் அப்படியே செத்தன. பட்டினி கிடக்கிறவர்களுக்கு அந்த மருந்து கூடாது என்று துரைமாரே எழுதவேண்டி வந்தது. உன் பெயர் அதில் இல்லை.

பொலிஸ் உன்னை விட்ட அன்று ஆஸ்பத்திரியில் தலை முழுக்கக் கட்டோடு கிடந்தாய். கண் திறந்ததும் கேட்டாய்: "அனுப்பிப்போட்டாங்களோ?"

"இல்லையடா. ஒரு சொட்டும் போகேல்ல."

கிழிந்த உதட்டால் சிரிக்கப் பார்த்து, வலியில் முனகினாய். பிறகு: "மிஞ்சின எலியளுக்குச் சாப்பாடு வைச்சனியோ?"

"ஓம் மச்சான். வைச்சிட்டுத்தான் வந்தனான்."

பிறகு நான் வெள்ளவத்தையில் மருந்துக்கடை போட்டது உனக்குத் தெரியும். இன்றைக்கும் யாராவது மருந்து கேட்டு வந்தால், என்ன வருத்தம் என்று முதலில் நான் கேட்பதில்லை.

"சாப்பிட்டனீங்களோ?" என்றுதான் கேட்கிறேன்.