சித்தியின் மெஷினில் ஒட்டிய பச்சை இலை

அன்புள்ள வாயாடிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் முதலில். இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரியை எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. அப்பா நலம். மூட்டு வலிக்கு நடக்கச் சொன்னார்கள் என்று காலையில் புது ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிறார், தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு, நல்லா வியர்த்துடுச்சு என்று திரும்பி வருகிறார். நானும் நலம். சித்திதான் நலமில்லை. போனில் சொன்னால் நீ அழுவாய், உன்னைத் தேற்றுவதிலேயே சொல்ல வந்ததை விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவார்.

போன வாரம் சித்தியை ஆஸ்பத்திரியில் சேர்த்து, நேற்றுதான் கூட்டிவந்தோம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வீசிங் உண்டு, உனக்குத் தெரியும், ஆனால் இத்தனை காலம் அது அவள் சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாகத்தான் அடங்கவில்லை. சீருடைத் துணி வெட்டும்போதே கத்தரியை வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொள்வாள். வீட்டில் கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே ஏதாவது உண்டா என்று டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார், இவள் ஒவ்வொரு முறையும் இல்லவே இல்லை என்பாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு அது ஸ்ப்ரே இல்லை, நீ எழுதியது.

உன் விளம்பரக் கம்பெனியில் நீ முதன்முதலாக எழுதிக் கொடுத்த வாசகம், அந்த ரூம் ஸ்ப்ரேயின் பச்சைப் பாட்டிலில், இலைப் படத்துக்குக் கீழே. 'காட்டுக் காற்று உங்கள் அறையில். இயற்கையானது, மூச்சுக்கு இதமானது.' அதைக் கடையில் பார்த்த அன்று சித்திக்குத் தலைகால் புரியவில்லை. இது எங்க பொண்ணு எழுதினது, தெரியுமா என்று கடைக்காரரை மடக்க, அவர், பாட்டில் முழுக்கவாம்மா என்றாராம். அன்றிலிருந்து மாதம் தவறாமல் வாங்கினாள். தீர்ந்துபோன முதல் பாட்டிலின் லேபிளை நனைத்து உரித்துத் தையல் மெஷின்மேல் ஒட்டிவைத்தாள். துணியில் தூசி படியக் கூடாது என்று மெஷின் இருக்கும் அவள் அறை ஜன்னல் எப்போதும் சாத்தியிருக்கும், மெஷினில் உட்காரும் முன் நாலு மூலையிலும் அடிப்பாள். மூச்சு முட்டினால் இன்னும் கொஞ்சம் அடிப்பாள், மூச்சுக்கு இதமானது ஆயிற்றே.

ஆஸ்பத்திரிக்கு மாற்றுத் துணி எடுக்க அவள் அறைக் கதவைத் திறந்தபோதுதான் அந்த வாசனை என் முகத்தில் அறைந்தது, அதுவரை எனக்கும் உறைக்கவில்லை. பாட்டிலை டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். "இதையா மூடின ரூம்ல அடிச்சாங்க? வீசிங் இருக்கறவங்க பக்கத்துல அடிக்கக் கூடாதுன்னு இதுலயே போட்டிருக்கே. முன்னாடி அப்படி எழுதினவங்களைச் சொல்லணும்" என்றார். நான் பாட்டிலைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன் கண்ணு. என் பொண்ணுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அந்த வரியை எழுதிக் கொடுத்த நாளில் நீ போனில் சொன்னது நினைவிருக்கிறதா, இயற்கையெல்லாம் ஒண்ணும் இல்லம்மா, இலையைப் போட்டா பாதி வித்துடும்னு மேனேஜர் சொன்னாரு என்று சிரித்தாயே. உன்னைத் திட்ட மனம் வரவில்லை. முதல் வேலை, கேட்டதை எழுதிக் கொடுத்தாய். முகம் தெரியாத யாரோ படிப்பார்கள் என்று நினைத்திருப்பாய். முதலில் படித்தது சித்தி.

அவள் நுரையீரல் இனிப் பழையபடி ஆகாதாம். அந்தப் பாட்டிலை விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்கிறார்கள். நான் சொன்னேன், அப்பா சொன்னார், டாக்டரம்மா அதட்டியே சொன்னார். "போக்கா, உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். அவ எழுதினதுல பொய் இருக்காது, என் உடம்புதான் சரியில்ல" என்கிறாள். நான் குப்பையில் போட்ட பாட்டிலுக்குப் பதில் வேறு வாங்கி வரச் சொல்லி இன்று காலை அப்பாவைக் கேட்டாள். அவர் மறுத்ததும் தானே படியிறங்கிப் போய் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தாள். பாட்டிலை முந்தானையில் மறைத்திருந்தாள். உன்னிடம் சொல்லக் கூடாது, நீ வருத்தப்படுவாய் என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். அதை மீறித்தான் எழுதுகிறேன்.

நீ அவளுக்குப் போன் செய். உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதே. அந்த வரி பொய் சித்தி, தெரிஞ்சேதான் எழுதினேன் என்று உன் வாயால் சொல். வேறு யார் சொன்னாலும் அவள் கேட்க மாட்டாள். அவள் மனசு உடையும், உன்னுடையதும்தான். மூச்சாவது மிஞ்சட்டும்.

வேலையை விடு என்று சொல்ல மாட்டேன், அது நீ யோசிக்க வேண்டியது. அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நல்ல பெயரோடு நீண்ட காலம் நீ இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இல்லை, அப்பாவின் ஆசியும் சேர்த்து. ஒன்று மட்டும் மறக்காதே. நீ சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே வராது. அவளுக்கு இப்போது மூச்சைச் சேர்த்துக்கொண்டுதான் பேச வருகிறது. லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே, காத்திரு.

என்றும் உன்
அம்மா