முதல் கிளிப்பில் என் குறட்டை

ஜன்னல் சீட்டை எனக்கு ஒருநாளும் விட்டுக்கொடுக்காத என் அன்பு மச்சான் தனபாலுக்கு,

உன் மருமகள் நித்யாவைப் பற்றிப் புகார் சொல்லத்தான் எழுதுகிறேன். என் பெண்தான். ஆனாலும் பரிசு வாங்கினால் என் மகள், வம்பு செய்தால் உன் மருமகள் என்பதுதானே நம் ஒப்பந்தம்? நீ போய்விட்டதால் அது ரத்தாகிவிடாது.

வீடியோ எடிட்டிங் படித்தாளே, வேலைக்கு அலைந்துகொண்டிருந்தாள். அந்தத் தொழிலில் மார்க் ஷீட்டை யாரும் கேட்பதில்லையாம். போர்ட்ஃபோலியோதான் கேட்கிறார்கள். "நான் செஞ்சதுல நல்லதா பொறுக்கி ஒரே இடத்துல வெச்சுக் காட்றதுப்பா" என்றாள். பி.யூ.சி.யில் ஃபெயிலான நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

நான் யோசனை சொன்னேன். எதையும் விடாதே என்றேன். மூன்றாம் வகுப்பில் வரைந்த மயில், கவுன்சிலர் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ், பேத்தமங்களாவில் இருக்கும் என் அக்கா மகளின் மஞ்சள் நீராட்டு வீடியோ, எல்லாம் உள்ளே போயின. பார்த்து முடிக்கவே லீவு போட வேண்டும். அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் பதிலே இல்லை.

கடைசியில் ஒரு விளம்பர ஸ்டுடியோக்காரர் மட்டும் பதில் போட்டார். உன் கையில் திறமை இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் அது தெரியவில்லை; ஐந்தாறு போதும், ஒவ்வொன்றிலும் உன் பங்கு என்ன என்று நேரில் வந்து சொல் என்றார். இவள் உட்கார்ந்து வெட்டினாள். மயில் போனது. கவுன்சிலர் போனார். நீராட்டும் போனது.

அதை நான் வாய் தவறி அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். கல்யாணப் பத்திரிகையில் பேர் விட்டுப்போன மாதிரி ஆகிவிட்டது. "எங்க பொண்ணு ஃபங்ஷன் மட்டும் ஆகாம போச்சா உங்களுக்கு? யாரோட வீடியோல்லாம் வெச்சிக்கீறீங்க, சொல்லு பாக்கலாம்" என்று போனில் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்தில், கத்திக் கம்பெனிக்காக ஆப்பிளை வெட்டிக் காட்டும் வீடியோ ஒன்று இருக்கிறது என்றேன். "ஆப்பிளுக்கு இடம் கீது, எம் பொண்ணுக்கு இல்ல" என்று வைத்துவிட்டாள். இன்னும் பேசவில்லை.

ஆனால் என் புகார் இது இல்லை. எல்லாவற்றுக்கும் முதலில் அவள் எதை வைத்தாள் தெரியுமா? நாம் தினமும் வேலைக்குப் போய்வந்த ரயிலில் நான் தூங்குகிற வீடியோவை. வாய் திறந்து, தலை தொங்கி, குறட்டையோடு. அதற்கு நீ கொடுத்த நேரடி வர்ணனையோடு. காலேஜ் போகும்போது போனில் பிடித்து வைத்திருந்தாளாம். பக்கத்திலேயே படம் வரைந்து, என் குறட்டைக்குத் தகுந்தபடி சுரங்கத்தில் ஆள் இறங்கும் கேஜ் கீழே போகிற மாதிரி அசைய விட்டிருக்கிறாள்.

"பெத்த அப்பன் வாயப் பொளந்துனு தூங்கறத ஏசி ரூம்ல போட்டுக் காட்டப் போறியா?"

"உங்க வாய யாருப்பா பாக்கப் போறாங்க? தனபால் மாமா கொரலக் கேளுங்க. நான் செஞ்சதுலயே இதான் பெஸ்ட்டு. பெஸ்ட்ட மொதல்ல வெக்கணும்."

மச்சான், மானம் போகிறது என்று கத்தினேனே தவிர, காரணம் வேறு. நீ போனதிலிருந்து உன் குரலை நான் கேட்கவில்லை. அவள் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் மோட்டார் நிறுத்தப் போகிறேன் என்று தெருவுக்கு ஓடிவிடுவேன். சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய நம் லைன் வீட்டில் மோட்டார் ஏது? அவளுக்கும் தெரியும். அதனால்தான் ஒருநாள் மெதுவாக, "கஷ்டமா இருந்தா எடுத்துட்றேன்பா" என்றாள். நானும் வெட்கமில்லாமல், "எடுத்துடு" என்றேன். எடுத்துவிட்டாள்.

இன்டர்வியூவுக்கு நம் ரயிலில்தான் போனோம். கையில் பெஸ்ட் இல்லாமல் போகிறாள் என்று எனக்கு உறுத்தல்; அதை மறைக்க, தினமும் நம் பெட்டியில் வருகிறவர்களை அதிகாரிகள் மாதிரி உட்கார வைத்து, "பேசிக் காட்டு, பழக்கமாகும்" என்றேன். ஆப்பிள் ஓடியது. எல்லோரும் தலையாட்டினார்கள். பங்காருபேட்டையில் ஏறும் பூக்கார ஜெயம்மாதான் உதட்டைப் பிதுக்கினாள்.

"இன்னாம்மா இது, சும்னே ஓடினே கீது. அன்னிக்கு ஒண்ணு காட்னியே, உங்கப்பா தூங்க, தனபால் அண்ணன் பேச, அது எங்க? அத வுட்டுட்டா இதுல நீ யாரு, ஆப்பிள் யாரு?"

நித்யா என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"போடு. சத்தத்த ஏத்தி வெய்" என்றேன். ஓடும் ரயிலில் மோட்டார் நிறுத்த எங்கே போவது? உன் குரல் கிளம்பியது.

"ஆளுங்க உள்ள தள்ளி நில்லுங்க, கேஜ் இறங்குது! பத்தாவது லெவல்... இருவதாவது லெவல்... காத்து கம்மியாவுது, பயப்படாதீங்க... யோவ், வெடி வெச்சிட்டான்யா, ஓடுங்க!"

பெட்டியே சிரித்து உருண்டது. ஜெயம்மா பூக்கூடையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்தேன், ஒருத்தரும் கேட்கவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையில் தட்டிப் பேசுகிற மாதிரியே இருந்ததடா. இதற்கா இத்தனை மாதம் பயந்தேன்? இறங்குவதற்குள் நித்யா அதை மறுபடி முதல் இடத்தில் வைத்துவிட்டாள்.

ஸ்டுடியோ வாசலில் டீக்கடையில் காத்திருந்தேன். பேயறைந்த மாதிரி வந்தாள். போச்சு என்று நினைத்தேன்.

"அந்த கிளிப்ப ரெண்டு தடவ போடச் சொன்னாங்கப்பா. அந்தக் குரல் யாருது, அவர வரச் சொல்ல முடியுமா, விளம்பரத்துக்குப் பேச வெக்கலாம்னாங்க. இல்ல சார், அவரு தவறிட்டாருன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அப்ப நீங்களாவது திங்கக்கெழமைலேர்ந்து வாங்கன்னாங்க."

பார்த்தாயா? முதல் சாய்ஸ் நீ. என் மகள் இரண்டாவது. என் குறட்டையை ஒருவரும் விசாரிக்கவே இல்லை என்பதில் எனக்குச் சின்ன வருத்தம்தான்.

நேற்று என் தங்கச்சி, உன் மல்லிகா போன் செய்தாள். "எங்கூட்டுக்காரர் நித்யாவுக்கு வேல வாங்கிக் குடுத்தாராமே? ஊரே கேட்டுச்சாம். எனக்கு மட்டும் போட்டுக் காட்ட மாட்டீங்களாண்ணா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நித்யாவோடு உன் வீட்டுக்குப் போகிறேன், மச்சான். சத்தத்தை முழுசாக வைத்து, மல்லிகா போதும் என்கிறவரை போட்டுக் காட்டுவேன். நடுவில் எழுந்து போகமாட்டேன். இது சத்தியம்.

உன் மல்லிகாவுக்கு அண்ணனும், அதனால் உனக்கு என்றைக்கும் மச்சானுமான,
ஊரிகம் மோகன்