உப்பு தூக்கலாகிப்போன பழ ரொட்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம், இந்தத் தடவை அதை ஒப்புக்கு எழுதவில்லை. அம்மா சாப்பிட்டாள். இதை முதலில் சொல்லாவிட்டால் நீ கடிதத்தின் கடைசியைத்தான் முதலில் பார்ப்பாய், உன் அவசரம் எனக்குத் தெரியாதா. போனில் சொன்னால் பாதியிலேயே அழுதுவிடுவேன், நீ வேறு பயந்துபோவாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

காய்ச்சல் விட்ட பிறகும் அவள் வாய்க்கு ருசி திரும்பவில்லை என்று உனக்குத் தெரியும். எதைக் கொடுத்தாலும் காகிதத்தை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாள். சித்தி தினமும் சூப் வைத்துக் கொண்டுவந்து கெஞ்சினாள், இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. திங்கட்கிழமைக்குள் ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பிக்காவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டிரிப்ஸ்தான் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீயும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாய். வா என்று சொல்ல மனசில்லை, வேண்டாம் என்று சொல்லத் தைரியமில்லை. மழையில் எந்தச் சுவரும் காயவில்லை, பெயிண்டு வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை, வீட்டில் நானும் காலி டப்பாக்களும்தான் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருமுனைப் பழ வண்டிக்காரர், நீ மொட்டை மாமா என்று கூப்பிடுவாயே, அவர் தோல் கறுத்த வாழைப்பழங்களை ஒதுக்கி வைத்திருந்தார். இதை யாரு வாங்கப் போறா, மாட்டுக்குத்தான் போகும் என்றார். உரித்துப் பார்த்தால் உள்ளே குழைந்து, தேன் மாதிரி வாசனை. என் கை இருந்த இருப்புக்கு அதுதான் கட்டுப்படியாயிற்று. வீட்டில் கோதுமை மாவு இருந்தது, சர்க்கரை தீர்ந்துவிட்டது, பழத்தின் இனிப்பே போதும் என்று துணிந்தேன். எனக்குச் சமையல் எங்கே தெரியும், தெரிந்தது பெயிண்டுதான். அதனால் பழத்தைப் பிசைந்து, சிரிக்காதே, பெயிண்டு வடிகட்ட வாங்கி வைத்திருந்த புதுத் துணியை அலசி அதில் கட்டியில்லாமல் வடித்தேன். மாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, குச்சியை விட்டுத் தூக்கிப் பார்த்தேன், பெயிண்டு போலவே நிதானமாக வழிந்தது. அடுப்பைக் குறைத்து வாணலியில் மெல்லிசாக ஊற்றினேன், ஆனால் ஒரு கோட்டிங்கோடு விட இந்தக் கை சம்மதிக்குமா, அது காய்ந்ததும் மேலே இன்னொரு கோட்டிங். எங்கள் தொழிலில் ஒவ்வொரு கோட்டிங்குக்கும் முன்னால் பெயிண்டு இளகக் கொஞ்சம் தின்னர் விட்டுக் கலக்குவோமே, அதே பழக்கத்தில் மீதி மாவில் மறுபடியும் உப்பைப் போட்டுக் கலக்கித் தொலைத்திருக்கிறேன். என் விரலுக்குச் சிட்டிகை என்பதே பெரிசு. திருப்பிப் போட்டு எடுத்தபோது ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக வந்திருந்தது.

அம்மா ஒரு விள்ளல் வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள். இதுவும் போச்சு என்று நினைத்தேன். என்னங்க, உப்பை அள்ளிக் கொட்டிட்டீங்களா என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது, இவ்வளவு பாடுபட்டுச் செய்தவனிடம் குறை சொல்கிறாளே என்று. அப்புறம்தான் உறைத்தது, இத்தனை நாளாக உப்பா உறைப்பா என்றே தெரியாமல் இருந்தவளல்லவா இதைச் சொல்கிறாள். இன்னொரு தடவை சொல்லு என்றேன். உப்புங்க உப்பு, காதும் போச்சா என்றாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் அம்மாடி. அவள் திட்டிக்கொண்டே முழுசையும் தின்று முடித்து, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டாள். திங்கட்கிழமை டாக்டரம்மா பார்த்துவிட்டு, டிரிப்ஸ் வேண்டாம், இப்படியே சாப்பிடட்டும் என்று அனுப்பிவிட்டார்.

அதனால் வேலையை விடாதே. லீவு கிடைக்கும்போது நிதானமாக வா. அங்கே பழம் கறுத்துப்போனால் தூக்கி எறியாமல் நீயும் இதைச் செய்து பார், உப்பு மட்டும் ஒரே தடவை போடு. இதை எழுதச் சொல்லி அம்மா அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருக்கிறாள், அந்தச் சத்தத்தை நீ கேட்க வேண்டும்.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருடா கண்ணு.

அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று இன்று காலை முதல் விரட்டப்பட்டிருக்கும்,
உன் அப்பா