முதல் கேள்வி

ஜனவரி 15, செவ்வாய்

பல்கலைக்கழகத்தில் ஆய்வுக் கூட்டம். ஹல் நகரத்து மழையில் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், நாற்பது பக்கத் திட்டத்தை அப்போதுதான் கையில் தருகிறார்கள். என்னைப்போல் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு. எங்கள் பெயருக்கு மேலே "நோயாளிகளின் குரல்" என்று அச்சடித்திருக்கிறார்கள். குரலாம்! எத்தனை பேருக்குக் கிருமித் தொற்று வந்தது என்று எண்ணப்போவதாக எங்களைக் கேட்காமலே முடிவு செய்தாயிற்று.

"தொற்று வந்தா மாத்திரை இருக்கு டாக்டர். பஸ்ஸுல குழாய்ப் பை கசிஞ்சா என்ன இருக்கு?" என்றேன்.

ஆய்வை நடத்தும் டாக்டர் ஃபென்விக் தலையாட்டினார். "அருமையான கருத்து, நோரீன்." எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே இருக்கிறார் மனிதர்.

பிப்ரவரி 12

திட்டத்தில் ஓர் எழுத்து மாறவில்லை.

கிளைவ் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் குழாய்தான். ஓராண்டாகக் கூட்டத்துக்கு வருகிறார், பிஸ்கட் தின்கிறார், போகிறார். வெளியே வந்ததும் கேட்டேன்: "வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

"அதான் ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே பேசுறியே" என்றார்.

பிப்ரவரி 20

மின்னஞ்சல். "நோயாளிகள் முழுமையாகப் பங்கேற்று ஒப்புதல் அளித்தனர்." வெள்ளிக்குள் கீழே கையெழுத்துப் போட வேண்டுமாம், அது இல்லாமல் நிதிக்குழு திட்டத்தைப் பார்க்காதாம். எதில் பங்கேற்றேன்? டீ குடித்ததிலா?

பிப்ரவரி 21

போட மாட்டேன்.

பிப்ரவரி 22

டாக்டர் போன் செய்தார். "ஒரே ஒரு கையெழுத்துதான் நோரீன். இது நின்னா என்னோட ரெண்டு வருஷ உழைப்பு போயிடும்."

"இந்தக் குழாயோட எனக்கு ஒம்போது வருஷம் போயிருக்கு டாக்டர்."

வைத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். என்னால் ஆய்வே நின்றுபோனால்? யாருக்காகத்தான் இந்தச் சண்டை?

மார்ச் 5

அவசரக் கூட்டம். மறுபடியும் அதே தொற்று, அதே எண்ணிக்கை. நான் வாயெடுப்பதற்குள் கிளைவ் பேசினார்.

"என் மக கல்யாணத்துக்கு நான் போகல. சர்ச் நாலு தெரு தள்ளித்தான். முன்வரிசையில உக்காந்திருக்கும்போது கசிஞ்சிட்டா? காய்ச்சல்னு சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவ அதைத்தான் நம்பிட்டிருக்கா. அந்த வருஷம் எனக்குத் தொற்றே வரல டாக்டர். உங்க கணக்குல நான் நல்லா இருக்கேன்."

டாக்டர் எதையும் எழுதவில்லை. கிளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 11

டாக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். நிதிக்குழுவிடம் ஆறு வாரம் அவகாசம் வாங்கியிருக்கிறாராம். "முதல் கேள்வியை நீங்களே எழுதுங்க."

ஒரு வாக்கியத்துக்கு நாலு மணி நேரச் சண்டை. "சமூகப் பங்கேற்புக் குறைபாடு" என்று போடலாம் என்கிறார். அடக் கடவுளே!

"வெளிய போகலைன்னு போடுங்க டாக்டர். எல்லாருக்கும் புரியும்."

ஏப்ரல் 16

கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 6

சோதனைப் படிவம் வந்தது. முதலில் நானே நிரப்பிப் பார்க்க வேண்டும்.

கேள்வி ஒன்று: "கசிந்துவிடுமோ என்ற பயத்தில் போன மாதம் எத்தனை நாள் வெளியே போகாமல் இருந்தீர்கள்?"

நான் எழுதிய கேள்வி. மூன்று என்று போட்டேன்.

ஜன்னல் வரைக்கும் போனேன். திரும்பி வந்தேன். மூன்றை அடித்துவிட்டுப் பதினேழு என்று எழுதினேன்.