பாரம் பார்த்து வாங்கிய டயர்

மச்சாள்,

கையில் ஒட்டிய புது ரப்பர் மணம் போகவே மாட்டேன் என்கிறது. வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு தேசிக்காய்ப் பாதியால் தேய்த்தேன். தேநீரை வாயருகே கொண்டுபோனாலும் தேயிலைக்கு முன்னால் டயர்தான் மணக்கிறது. உமக்கென்றால் இந்த மணம் பிடிக்கும். பனிக்காலம் முடிந்து விண்டர் டயர் கழற்றப் போகிற இடத்தில் நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்த, நீர் மட்டும் மூச்சை இழுத்துவிட்டு, "இதுதான் மச்சாள், மொன்றியலில வசந்தம் வாற மணம்" என்பீர். இன்றைக்கு அந்த மணத்தோடு ரொக்ஸ்பரோவில் என் குசினி மேசையில் இருக்கிறேன். உமக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுத?

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். உம்முடைய வண்டிலுக்குப் புது டயர் போட்டாயிற்று. இங்கத்தைய ஆட்களுக்கு அது ரூலோத், எங்கள் பிள்ளைகளுக்கு ட்ரெய்லர், உமக்கு மட்டும் வண்டில். உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, பிக்கப்பின் பின்னால் கொளுவி, கோடை முழுக்க நீர் இழுத்துத் திரிந்த அந்த வெள்ளைப் பெட்டி, நீர் கண்மூடின நாளிலிருந்து லவாலில் உங்கள் வீட்டு வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணை அதன் கதவைத் திறக்கவில்லை. பனி மூடினால் பனியோடு நின்றது, வெயில் எறித்தால் வெயிலோடு நின்றது. ஒரு கோடை அப்படியே போயிற்று. நாங்கள் ஒருவரும் ஓரிடமும் போகவில்லை.

இந்த முறை பனி கரைந்த கையோடு அண்ணை ஃபோன் எடுத்தார்.

"புரோசார்ட்டில இருந்து ஒரு குடும்பம் வந்து வண்டிலைப் பாத்தவை. பிடிச்சிருக்காம். டயர் மட்டும் பக்கமெல்லாம் வெடிப்பு விட்டுக் கிடக்குதாம், மாத்தித் தந்தால் எடுக்கிறமெண்டு சொல்லுகினம்."

நாளைக்கு மழை என்று சொல்லுகிற குரலில் சொன்னார்.  

"அண்ணை, மச்சாளின்ர வண்டிலை விக்கப் போறீங்களோ?"

"வேற என்ன செய்யிறது? ஓடுறதுக்கு ஆள் இல்லை. மலிவாய் ஒரு செற் டயரைப் போட்டுக் குடுத்து விடுவம்." பிறகு, "கடைக்கு நீயும் வா. தனியப் போக ஏலாமக் கிடக்கு" என்றார்.

அந்தக் கடைசி வசனம் மட்டும் இல்லாவிட்டால் நான் ஃபோனை வைத்திருப்பேன். அவ்வளவு கோபம். உம்மையே விலை பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. உம்மைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அண்ணை உம்மைத்தான் கட்டுவேன் என்று நின்ற காலத்தில் எங்கள் அம்மா சாப்பாட்டையே ஒதுக்கினா. மன்னாரில் வேதக்காரப் பிள்ளை, மாதா கோயிலுக்குப் போகிறவள் என்றதைக்கூட அவ ஒருவாறு விழுங்கிவிட்டா. "சாதகமில்லாத பொம்பிளையை எப்பிடியடா கட்டுறது, எதைப் பாத்துப் பொருத்தம் சொல்லுறது?" என்பதுதான் அவவின் ஒரே அழுகை. நீரோ வந்த சில வருடத்தில் பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ் ஓட்டப் போய்விட்டீர். அண்ணைக்கு நெடுஞ்சாலையில் கார் ஓட்டவே பயம். உமக்கு எது பெரிதோ அதை ஓட்ட வேண்டும். நாங்கள் இருவரும் ஒரே வயது என்றபடியால் உம்மைப் பகிடி பண்ணுகிற உரிமை எனக்கு இருந்தது. "அண்ணை பொம்பிளை எடுக்கேல்லை, ட்ரைவர் எடுத்திருக்கிறார்" என்பேன். "அப்ப நீர் கண்டக்டர், ஏறும்" என்பீர்.

வண்டில் உம்மிடம் வந்தது இன்னொருவர் பாவித்த பிறகு. டயர் தேயவே இல்லை, பார்க்கப் புதிது போலவே இருந்தது. அந்தக் கோடை ரொறன்ரோவில் ஒரு கலியாணம். போகும்போது வெறும் வண்டில். வரும்போதுதான் கூத்து. நாங்கள் வண்டிலோடு வந்திருக்கிறோம் என்று மொன்றியல் முழுக்கக் கதை பரவி, ஆளுக்காள் ஃபோன். குத்தரிசி மூட்டைகள், ஐஸ் பெட்டிகளில் விளைமீன், மரவள்ளி, பலாப்பழம், யாரோ ஒருவரின் சாமியறைக்கு வெண்கலக் குத்துவிளக்கு. இதெல்லாம் மொன்றியலில் கிடைக்காதா? கிடைக்கும். ஆனால் ரொறன்ரோவில் வாங்கினதென்றால்தான் எங்கள் சனத்துக்குத் தொண்டையால் இறங்கும். கட்டிலுக்குக் கீழே, கழுவுதொட்டிக்குள், எங்கும் சாமான். எங்கள் சின்னம்மா தன் தங்கச்சி வீட்டிலிருந்த அம்மிக்கல்லையும் கொண்டுவந்து ஏற்றினா. அம்மியில் அரைக்காத சம்பல் சம்பலே இல்லையாம்.

கோர்ன்வாலுக்குக் கிட்ட வந்தபோது படாரென்று ஒரு சத்தம். பின் சீற்றில் என் பக்கத்தில் இருந்த அம்மா தலையைக் கையால் மூடிக்கொண்டு கீழே குனிந்துவிட்டா. நானும் குனிந்தேன். அந்தச் சத்தத்துக்குக் குனியத்தான் எங்கள் சனம் பழகியிருக்கிறது. நீர் குனியவில்லை. பிரேக்கை அமத்தவும் இல்லை. ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி மெல்ல மெல்ல வேகம் குறைத்து, தெருவோரத்தில் நிற்பாட்டினீர். பிறகுதான் திரும்பிப் பார்த்தீர்.

"அம்மா, அது டயர். நிமிருங்கோ."

உதவிக்கு ஆள் வரும்வரை எங்களைத் தெருவுக்கு அப்பால் புல்லில் இருத்தி, கையில் எண்ணெய் பூசி, யாருடையதோ பலாப்பழத்தை வெட்டி எல்லோருக்கும் சுளை தந்தீர். லொறிகள் இரைந்து போய்க்கொண்டிருந்தன. டயர் கந்தல் கந்தலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா சுளையைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் உம்மையே பார்த்தா. "பிள்ளைக்குக் கை நடுங்கேல்லை" என்று என்னிடம் மெல்லச் சொன்னா. அதற்குப் பிறகு சாதகம் என்ற சொல் அவவின் வாயில் வந்ததில்லை.

சாதகத்தை எடுத்துக்கொண்டது நீர்தான். "டயர் புதுசு மாதிரித்தானே கிடந்தது" என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொல்ல, நீர் அதை விளங்காமல் விடமாட்டேன் என்று நின்றீர். கடை கடையாகப் போய்க் கேட்டீர். ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போய், கடைத் தரையில் குந்தியிருந்து ஒரு டயரின் பக்கவாட்டைக் கைலேஞ்சியால் துடைத்துக் காட்டினீர். எந்த வருடத்தில் எத்தனையாவது கிழமை செய்தது என்று இலக்கத்தில் பொறித்திருந்தது. "என்ர சாதகத்தைத்தான் உங்கட ஆக்களால பாக்க ஏலாமப் போச்சு. இதின்ர சாதகத்தையாவது பாப்பம்" என்றீர். விலை குறைத்துத் தருகிறோம் என்று கடைக்காரர் சொன்ன டயர்களை, "இது கடையிலயே கிழடு தட்டின டயர்" என்று தள்ளிவிட்டீர். அதைத் தமிழில் சொன்னபடியால் அவர் சிரித்துக்கொண்டு நின்றார். கார் டயரை மலிவாகப் போட்டு ஓட்டலாம் என்று யாரோ சொன்னதற்கும் நீர் காது கொடுக்கவில்லை. இழுபடுகிற வண்டிக்கென்று தனியாகச் செய்த டயர்தான் வேண்டும் என்றீர். "காரின்ர டயர் தேய்ஞ்சு சாகும் மச்சாள். வண்டிலின்ர டயர் நிண்டு சாகும். ஓடாமல் நிண்டால் உள்ளுக்க உக்கிப்போம், வெளியில தெரியாது."

பிறகு சல்லியும் மணலும் விற்கிற இடத்தில், லொறி நிறுக்கிற தராசில் வண்டிலை ஏற்றினீர். வெறும் வண்டிலை அல்ல. கோடைப் பயணத்துக்கு எப்படிப் போவோமோ அப்படியே எல்லாரையும் சட்டி பானையோடு வரச்சொல்லி, சாமான் எல்லாவற்றையும் ஏற்றி, நிறுத்தீர். அங்கே வேலை செய்தவர்கள் இடியப்ப உரலைப் பார்த்து என்ன இயந்திரம் என்று கேட்டார்கள். பாரம் பழைய டயர் தாங்கக்கூடியதைத் தாண்டிப் போயிருந்தது. ஆட்களைக் குறைப்போமா என்று அண்ணை கேட்டார். நீர் சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. "சனத்தைக் குறைக்கேலாது. டயரைக் கூட்டுவம்." டயரைக் கூட்டினாலும் அச்சு தாங்குகிறதுதான் கணக்கு என்று கடைக்காரர் சொன்னபடியால், ஒரேயொரு சாமான் வீட்டில் நின்றது. அம்மிக்கல். சின்னம்மா அந்தக் கோடை முழுக்க உம்மோடு கதைக்கவில்லை.

இன்று காலை அண்ணையும் நானும் சில்லுகளைக் கழற்றிப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு டயர்க் கடைக்குப் போனோம். விண்டர் டயர் மாற்றுகிற காலம், வாசல் வரைக்கும் சனம். எங்கள் முறை வந்தபோது, மேசைக்குப் பின்னால் நின்ற இளம்பெட்டை அளவைக் கேட்டாள், அண்ணை சொன்னார். பிறகு, உள்ளே எவ்வளவு பாரம் ஏற்றுவீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஒன்றுமில்லை. வெறும் வண்டி" என்றார் அண்ணை.

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் என்று கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளோ விடவில்லை. வெறும் ரூலோத்தோடு ஒருவரும் பயணம் போவதில்லை, ஐயா, வழக்கமாக என்ன கொண்டுபோவீர்கள் என்று சிரித்துக்கொண்டு கேட்டாள்.

அண்ணை மேசையைப் பார்த்தார். "அரிசி" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு மூட்டை" என்றார். பிறகு தொடங்கினார், மச்சாள். பெரிய பானை இரண்டு. இடியப்ப உரல். அதற்குப் பிரெஞ்சில் சொல் இல்லாமல் கையால் பிழிந்து காட்டினார். துருவுபலகை. தேங்காய். மீன் பெட்டி. பிள்ளைகளின் சைக்கிள். மழை வந்தால் கட்டுகிற படங்கு. சின்னம்மாவின் மடக்குக் கட்டில். நீர் போன பிறகு இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து கால் மாற்றினார்கள். அவள் அவர்களைப் பார்க்கவேயில்லை.

"பிறகு என் மனைவி" என்றார் அண்ணை. "அவள் தன்னுடைய தலையணை இல்லாமல் வரமாட்டாள். பெரிய தலையணை."

வரமாட்டாள் என்றார், வந்ததில்லை என்று சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் தனக்கே கேட்டது போல நின்றார். நான் அவரின் முதுகில் கை வைத்தேன். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை, வெட்கமும் இல்லை.

அப்படியென்றால் கூடின பாரம் தாங்குகிற டயர்தான் உங்களுக்கு, நான்கு போதும்தானே என்று அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள்.

"ஐந்து" என்றார் அண்ணை. "ஸ்பெயருக்கும் சேர்த்து."

டயர்களைக் கொண்டுவந்து வைத்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமோ? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் குந்தினார். கைலேஞ்சியால் துடைத்து ஒவ்வொன்றாக வாசித்தார். எழும்பி என்னைப் பார்த்து, "சாதகம் நல்லாய்த்தான் கிடக்கு" என்றார்.

திரும்பி வரும்போது அவரே சொன்னார். "புரோசார்ட் ஆக்களுக்கு ஃபோன் எடுத்து, குடுக்கேல்லையெண்டு சொல்லவேணும். கோவிப்பினம்."

"கோவிச்சால் கோவிக்கட்டும்."

"அதுசரி, ஆர் ஓடுறது?"

"நான்தான்."

"நீயோ?" என்றார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஒருமுறை கடைத்தொகுதியின் கார் நிற்பாட்டுகிற வெட்டை வெளியில் நீர் என்னிடம் ஸ்டியரிங்கைத் தந்து, நான் பின்னுக்கு எடுத்து, சாமான் தள்ளுவண்டில் வரிசையைச் சரித்த கதை அவருக்கு மறக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் அங்கேதான் பழகப் போகிறேன். அண்ணை பின்னால் நின்று கையைக் காட்டுவாராம். அவர் வலம் காட்டினால் இடம் என்று நீர் முன்பே சொல்லித் தந்திருக்கிறீர்.

உம்முடைய காற்றுமானி, நீர் செபமாலையோடு கைப்பையில் வைத்துத் திரிந்தது, இப்போது என் கைப்பையில் திருநீறு மடித்த சரையோடு கிடக்கிறது. சில்லுகளைப் பூட்டி முடித்து ஐந்துக்கும் நானே காற்றுப் பார்த்தேன். பிறகு அண்ணை திறப்பை எடுத்து வண்டிலின் கதவைத் திறந்தார். உள்ளே அடைந்து கிடந்த மணம். கட்டிலில் உம்முடைய பூப்போட்ட தலையணை நீர் வைத்தபடியே இருந்தது. அண்ணை அதை எடுத்துத் தூசி தட்டி, திரும்ப அந்த இடத்திலேயே வைத்தார். ஆனி மாதம் எல்லாரையும் சட்டி பானையோடு வரச்சொல்லி, முதலில் அந்தத் தராசில்தான் ஏற்றப் போகிறோம். தலையணையை இறக்கிவிட்டு நிறுப்போமா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான், மச்சாள், டயர் வாங்கியிருக்கிறோம்.