மஞ்சள் கொடிக்குப் போட்ட சைபர்

செடி மதிப்பீட்டுத் தாளில் மஞ்சள் கொடிக்கு நேரே நீ போட்ட சைபர் உன் பிழை அல்ல. நான் பொய் சொன்னேன். நீ நம்பி எழுதினாய். பிறகு அதற்காக ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு முன்னால் உன்னை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். நான் உனக்கு மூன்று கதிரை தள்ளி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. நடந்தது இவ்வளவுதான். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியதை, நீ போன பிறகு எழுதுகிறேன்.

இன்று காலையிலிருந்து என் பிலிமத்தலாவைச் செடிக் கடையில் ஒவ்வொரு தொட்டியாக இழுத்து வைத்து அந்தக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். தண்டு முறியும்போது ஒரு பச்சை வாடை எழும். நசுக்கிய கரட் இலை மாதிரி என்று நீ ஒருமுறை மோந்து பார்த்துச் சொன்னாய். இரண்டு தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியும் விரல் இடுக்கை விட்டுப் போகவில்லை. பேனாவில்கூட ஏறிவிட்டது.

அந்தக் கொடி எப்படிப் பரவும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தரையோடு ஓடும், கணுவுக்குக் கணு வேர்விடும், விரல் நீளத் துண்டு விழுந்தாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் என் வியாபாரத்தில் அது என்ன வேலை செய்தது என்பதை உன்னிடம் நான் மறைத்தேன். அந்தூரியமோ, குரோட்டனோ, எதைத் தொட்டியில் வைத்தாலும் மண்ணின் மேல் அந்தக் கொடியில் ஒரு பிடி ஊன்றிவிடுவேன். இரண்டு கிழமையில் மண்ணை மூடிவிடும். கடுகண்ணாவை மலைப்பாதை வளைவுகளில் லொறி எப்படி ஆடினாலும் மண் சிந்தாது, வெயிலில் காயாது. கொழும்பில் இறக்கும்போது அரைகுறையாக வளர்ந்த கன்றுகூட மஞ்சள் பூவுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி நிற்கும். எங்கள் பாதையில் இந்த வேலையை முதலில் தொடங்கியவன் நான்தான். மற்றக் கடைக்காரர்கள் என்னைப் பார்த்துப் பழகினார்கள். அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

நீயும் நானும் தெல்தோட்டையில் ஒரே தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில், ஒரே வாங்கில் இருந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு இறங்கி ஒரு செடிக் கடையில் மண் சுமக்கப் போனேன். நீ படித்தாய். எனக்கென்று சொந்தக் கடை வந்த பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்று, "மொதலாளி, ஒங்களுக்கு அரசாங்க வேல ஒண்ணு வந்திருக்கு. சம்பளம்தான் கெடையாது" என்றாய்.

கண்டியைச் சுற்றி வெளியிலிருந்து வந்து பரவும் செடிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது முதல் ஆபத்து, எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தும் குழுவில் நீ பதிவாளனாக இருந்தாய். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் உன் வாழ்க்கையில் நீ ஆசைப்பட்டுச் செய்த வேலை அது ஒன்றுதான். செடி விற்கிறவர்கள் பக்கத்திலிருந்தும் ஓர் ஆள் வேண்டும், எந்தச் செடி எந்த ஊருக்குப் போகிறது என்பது கடைக்காரனுக்குத்தானே தெரியும் என்று சொல்லி என்னைச் சேர்த்துவிட்டாய்.

ஹந்தானைச் சரிவில் உன்னிப் புதருக்குள் நுழைந்து சட்டையைக் கிழித்துக்கொண்டோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மகாவலி ஆற்றுச் சேற்றில் என் செருப்பு போனது. செடி ஒன்றுக்கு ஒரு தாள். எவ்வளவு வேகமாகப் பரவும், எத்தனை விதமான நிலத்தில் பிடிக்கும், பக்கத்தில் இருப்பதை என்ன செய்யும், பிடுங்கினால் திரும்ப வருமா, மனிதர் கையால் ஊர் விட்டு ஊர் போகிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் புள்ளி. கடைசிக் கேள்விக்குப் புள்ளி இரட்டிப்பு. கூட்டிப் பார்த்து வரிசை போடுவார்கள். மேலே வரும் ஆறு செடிகளைப் பிடுங்கத்தான் ஆளும் வாகனமும் கிடைக்கும். கீழே போனதை யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை.

ஒருநாள் குழுவின் வேனில் எங்களோடு வந்த ஒருவர், "வெளிநாட்டுச் செடி எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டிப் போட்டா இந்த மார்க் போடுற தொல்ல மிச்சம்தானே" என்றார்.

"அப்ப மொதல்ல தேயிலய வெட்டணும்" என்றாய் நீ. "அடுத்தது மொளகா. அதுக்கடுத்தது எங்கப்பா."

வேனே சிரித்தது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பரம்பரை என்பதால், பிரஜாவுரிமைக் கடதாசிக்காக உன் அப்பா கண்டிக் கச்சேரி அலுவலகத்துக்கு எத்தனை தடவை நடந்தார் என்று எனக்குத் தெரியும். என்னால் சிரிக்க முடியவில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு சாதாரணமாகச் சொன்னாய்: "வெளியில இருந்து வந்தது குத்தமில்ல. வந்த எடத்துல மத்தத நிக்க விடுதா இல்லயா, அதுக்குத்தான் மார்க்."

மஞ்சள் கொடியின் தாளை என் கடையில் வைத்துத்தான் எழுதினாய். அது வரிசையில் மேலே வந்தால் விற்கத் தடை வரும், தொட்டி மண்ணில் இருப்பதையும் பிடிப்பார்கள், அந்தப் பருவத்துச் சரக்கு முழுவதும் வாசலைத் தாண்டாது என்று எனக்குத் தெரியும். அதனால் நீ வருவதற்கு முன்பே தொட்டிகளை எல்லாம் லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். மிஞ்சியது பின்வேலி ஓரம் ஒரு பாய் அகலம்.

"அது என்னா?"

"தானா மொளச்சது."

"இத விக்கிறியா?"

"ஒரு கன்னுகூட வித்ததில்ல. பில் புத்தகத்த வேணும்னா பாரு."

புத்தகத்தில் இருக்காது. அந்தக் கொடிக்கென்று நான் யாரிடமும் காசு வாங்கியதில்லையே. ஒரு வார்த்தையும் பொய்யாகாதபடி பொய் சொல்லத் தெரிந்திருந்தது எனக்கு. நீ சிரித்தாய். "நீ சொன்னா போதும்டா. புத்தகம் என்னாத்துக்கு?" என்று முழங்காலில் தாளை வைத்து, அந்த இரட்டிப்புக் கேள்விக்கு நேரே சைபர் போட்டாய். எனக்கு வாய் தவறவில்லை. முதல் நாளே யோசித்து வைத்திருந்த பதில் அது.

பட்டியலில் கொடி பதினேழாம் இடத்துக்குப் போனது. எனக்கு அந்த வருடம் நல்ல வியாபாரம்.

அடுத்த மதிப்பீட்டுக் கூட்டம் கூடியபோது சுவரில் படங்களைக் காட்டினார்கள். ஓடைக்கரை, மையவாடிக் கல்லறைகள், மரக்கறிப் பாத்தி, எங்கே பார்த்தாலும் மஞ்சள். தலைமை தாங்கிய அம்மா பழைய தாளைக் கையில் எடுத்தார். கடைகளிலிருந்து இது போகவில்லை என்று எழுதியவர் யார் என்று கேட்டார். நீ எழுந்தாய்.

"நான்தான் மெடம்."

"விசாரித்தீர்களா?"

"விசாரிச்சேன்."

"யாரிடம்?"

நீ என் பக்கம் திரும்பவில்லை. "நாலஞ்சு பேருகிட்ட. நான் சரியா கேக்கல மெடம். என் தப்புதான்."

என் கையில், தேத்தண்ணீரோடு கொடுத்த பட்டிஸ் பாதி கடித்தபடி இருந்தது. மீதியை விழுங்குவதா வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் யோசித்தது அதைத்தான்.

வெளியே பஸ்ஸுக்கு நிற்கும்போது, "நீ ஏன்டா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க? ஏச்சு வாங்குனது நானு" என்றாய். அதற்குப் பிறகு உன்னை அந்த வேலைக்குக் கூப்பிடவில்லை. தெல்தோட்டைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாய். எப்போதாவது கடைப் பக்கம் வந்தால் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவாய். ஒரு தடவையும் அந்தத் தாளைப் பற்றிப் பேசவில்லை. அதனால், உனக்கு உண்மை தெரியும், தெரிந்தும் என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டுவிட்டாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உன்னை ஒரு பெரிய மனதுக்காரனாக்கிவிட்டால் நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வசதியை உன் கருமாதி அன்று உன் தங்கச்சி எடுத்துப் போட்டுவிட்டாள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு என்னைத் தண்ணீர் பிடிக்கும் பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். பீலியிலிருந்து கீழே மதகு வரைக்கும் ஓடையின் இரு கரையும் மஞ்சள். அவளுடைய போஞ்சிப் பாத்தியில் இரண்டு வரிசை மட்டும் மிஞ்சியிருந்தது. "அண்ணே, நீங்க செடிக்காரரு. இத எப்புடி ஒழிக்கிறதுன்னு சொல்லுங்க. அண்ணன் சாகுறதுக்கு மொத வாரம் வரைக்கும் குனிஞ்சு குனிஞ்சு புடுங்குச்சு."

அவள் வீட்டு மூலையில் ஒரு தொட்டி உடைந்து கிடந்தது. அவர்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோது நான் கொண்டுவந்து கொடுத்த அந்தூரியத் தொட்டி. அந்தூரியம் எப்போதோ செத்துவிட்டது. கொடி அங்கிருந்துதான் இறங்கியிருந்தது.

சொன்னேன். தொட்டியிலிருந்து தொடங்கி பட்டிஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்து கொடியைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. தெரிஞ்சுதான் என்னைய விட்டிருச்சு" என்றும் சொன்னேன்.

அப்போதுதான் நிமிர்ந்தாள். "என்னா தெரியும்? ஆஸ்பத்திரியில படுத்திருக்கையிலயும் அந்தப் பேச்சுதான். எங்கயோ தப்பு விட்டுட்டேன், யாருகிட்ட கேக்காம விட்டேன்னு புரியலன்னுச்சு. ஒவ்வொரு கடயா பேர் சொல்லி எண்ணுச்சு. ஒங்க பேர அதுல சொல்லவே இல்ல. 'அவன்கிட்டதான் கேட்டுட்டேனே'ன்னுச்சு."

அப்போதும் என் வியாபாரி வாய்தான் முந்தியது. "நாலு ஆள் விட்டு ஒரே நாள்ல சுத்தம் பண்ணித் தாறேன்" என்றேன்.

"ஆளா? ஒங்க கையி எங்க போச்சு?"

அப்புறம் நான் என்னென்ன செய்ய வேண்டும் என்று அவள் நிபந்தனை போட்டாள், நான் பேரம் பேசினேன். அந்த இடத்திலும் பேசினேன், என்ன செய்ய. வாரம் ஒருநாள் வந்து பிடுங்க வேண்டும் என்றதை மாதம் இரண்டு என்று இறக்கினேன். இரண்டு மழைக்காலத்தை ஒன்றாக்கப் பார்த்தேன். அதற்கு அவள் அசையவில்லை.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது. அடுத்த கூட்டத்தில், அதே கூடத்தில், நான் எழுந்து நின்று சைபரைச் சொல்லிக் கொடுத்தது நான் என்று சொல்ல வேண்டும். அதை அவர்கள் உன் தாளோடு சேர்த்து வைக்கும் வரை இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். கொடி இருக்கும் தொட்டி ஒன்றும் என் கடை வாசலைத் தாண்டக் கூடாது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, கூலி ஆள் இல்லாமல், பீலியிலிருந்து மதகு வரை நானே பிடுங்க வேண்டும். துண்டு ஒன்றும் தண்ணீரில் போகக் கூடாது. இரண்டு மழைக்காலம் ஒரு தளிரும் வராமல் கழிந்தால் வேலை முடிந்தது. இடையில் ஒன்று முளைத்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அது முடியும்வரை பீலித் தண்ணீர் எவ்வளவும் குடிக்கலாம். அவள் வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் கிடையாது.